மலையிலிருந்து காற்று பிடிக்கப் போகிறவருக்கு: விண்ட்சர்ஃபிங்கா, கைட்சர்ஃபிங்கா?

ஆடி மாதத்தில் கேரட் மூட்டைகளின் மேல் தார்ப்பாய் போர்த்திக் கட்டியவருக்குப் பாயின் பலத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு முனை கையை விட்டு நழுவினால் போதும், ஆளையும் சேர்த்து இழுக்கும். அந்தத் தார்ப்பாயை ஒரு கம்பில் மாட்டி, கம்பைப் பலகையில் நட்டு, பலகைமேல் நின்று பிடித்தால் விண்ட்சர்ஃபிங். அதே தார்ப்பாயை 20 மீட்டருக்கு மேல் கயிறு விட்டு வானத்தில் பறக்கவைத்து, கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டால் கைட்சர்ஃபிங். கற்றுக்கொள்கிறவருக்கு இருக்கும் எல்லா வித்தியாசமும் இதிலிருந்தே கிளைக்கிறது. முதலாவதில் கையை விட்டால் பாய் தண்ணீரில் விழும், பலகை நிற்கும், கதை முடிந்தது. இரண்டாவதில் கையை விட்டாலும் பட்டம் உங்கள் இடுப்பில்தான் இருக்கிறது.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கடலோரத்தில் இருப்பவர் மாலையில் காற்றைப் பார்த்துவிட்டு இறங்கலாம். நமக்கு ஆண்டுக்கு ஒருமுறை, நாலைந்து நாள். அந்த நாலைந்து நாளை எதில் போடுவது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் ஏரிக் கணக்கை முடித்துவிடலாம். "கொடை ஏரியிலேயே பழகக் கூடாதா, ஊட்டி ஏரி சும்மாதானே கிடக்கு" என்று கேட்காத ஆள் இல்லை. இரண்டும் படகுச் சவாரிக்கான ஏரிகள்; மிதிபடகுக்கும் துடுப்புப் படகுக்கும் நடுவே சொந்தப் பலகை இறக்க இடமில்லை. சரி, இடம் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உதவாது, காற்று அப்படி. கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் துரை கட்டியது. பரப்பு சுமார் 60 ஏக்கர், அதுவும் நட்சத்திரம் மாதிரி கை கையாகப் பிரிந்து கிடக்கிறது. கரையில் மரம், மரத்துக்கு மேல் குன்று. காற்று ஒரு தடுப்பைத் தாண்டி வந்தால், அந்தத் தடுப்பின் உயரத்தைப் போல ஏழு முதல் பத்து மடங்கு தூரம் வரை சுழன்று கலங்கித்தான் வரும். 30 மீட்டர் யூகலிப்டஸ் என்றால் 200 முதல் 300 மீட்டர். ஏரியின் ஒரு கையைக் குறுக்கே அளந்தால் அந்தச் சுழலுக்குள்ளேயே அடங்கிவிடும். ஊட்டி ஏரி இன்னும் ஒடுக்கம். இப்படிப்பட்ட காற்றில் விண்ட்சர்ஃபிங் பழகுகிறவர் விழுந்து விழுந்து எழுவார், அதோடு சரி. கைட் என்றால் பட்டம் காற்றில்லாமல் தொங்கி, அடுத்த வீச்சில் பட்டென்று நிமிர்ந்து ஆளைத் தூக்கும். பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்கள் பார்க்க அகலமாகத் தெரியும். ஆனால் அவை மின் உற்பத்திக்கானவை, சுற்றிலும் காடு. அனுமதி இல்லாமல் இறங்க முடியாது, தண்ணீரும் விறைக்கும். அவற்றையும் மறந்துவிடுங்கள்.

உயரமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒரே வேகத்தில் வீசினாலும் மலைக்காற்றின் தள்ளல் அந்த அளவுக்குக் குறையும். மலையில் சிறு பட்டம் விட்டுப் பழகிய கை, அதே பட்டத்தை அதே வேகக் காற்றில் கடற்கரையில் விட்டால் கால் பங்கு கூடுதல் இழுப்பை உணரும். "நம்ம ஊர்ல இதைவிடப் பெரிய காத்தெல்லாம் பாத்திருக்கோம்" என்ற தைரியம் அங்கே செல்லாது.

இனி கடல். நமக்கு எட்டும் இடங்களில் இரண்டு விளையாட்டுக்கும் தோதானது ராமேஸ்வரம் பக்கம். கொடைக்கானலிலிருந்து மதுரை வழியாகச் சுமார் 290 கி.மீ.; ஊட்டிக்காரர் கோயம்புத்தூர் இறங்கிப் போனால் 450ஐத் தாண்டும். ஆழம் குறைந்த, அலை அடங்கிய நீர்ப்பரப்பு அங்கே நிறைய. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. மீனவர்கள் கச்சான் என்பார்கள். பல நாட்கள் மதியத்தில் 15 நாட்டைத் தாண்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.; அப்படியானால் 28 கி.மீ. வேகம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடை. இரண்டுக்கும் இடையில் காற்று மெலிந்தும் மாறியும் வீசும் வாரங்கள் வரும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எதைக் கற்பது என்பதை உங்கள் ஆசையைவிட நீங்கள் இறங்கும் மாதம்தான் தீர்மானிக்கும். விண்ட்சர்ஃபிங்கின் முதல் நாளுக்கு 6 முதல் 12 நாட் போதும், 15க்கு மேல் போனால் பாயைத் தண்ணீரிலிருந்து தூக்கவே முடியாது. கைட்டுக்கு 12 முதல் 18 நாட் வேண்டும்; 10க்குக் கீழே போனால் விழுந்த பட்டத்தை நீரிலிருந்து எழுப்ப முடியாமல் நாள் வீணாகும். விடுதி, டாக்ஸி, ஹோட்டல் தொழிலில் இருப்பவருக்கு ஏப்ரல், மே சீசனில் தலை நிமிர நேரமிருக்காது. ஜூலை, ஆகஸ்டில்தான் கை ஓயும். அது சரியாகக் கைட் காற்றின் காலம். அந்த மாதங்களில் விண்ட்சர்ஃபிங் பழகப் போனால் காலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள் பாடத்தை முடித்துவிட வேண்டும்.

விண்ட்சர்ஃபிங்: முதல் இரண்டு மணி நேரம்

போர்டின் அளவை லிட்டரில் சொல்வார்கள், அது எவ்வளவு எடையை மிதக்கவைக்கும் என்ற கணக்கு. புதியவருக்கு உடல் எடையோடு 100 முதல் 120 லிட்டர் சேர்த்துக்கொள்ளலாம். 65 கிலோ ஆளுக்கு 165 முதல் 185. 200 ஆனாலும் நல்லதே. அகலம் 80 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். நடுவில் கத்தி மாதிரி கீழே இறங்கும் டேகர்போர்டு இருக்க வேண்டும். அது இல்லாத போர்டில் புதியவர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே கரையை விட்டு விலகுவார். பாய் பெரியவர்களுக்கு 4 முதல் 5 சதுர மீட்டர், மெலிந்தவர்களுக்கு 3.5. "பெரிய பாய் கொடுங்க, வேகமாப் போகும்" என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய பாய்க்குள் தங்கும் தண்ணீரின் எடையைத் தூக்கிப் பார்த்தால் அந்த ஆசை அடங்கும்.

பாயை மாட்டும் வரிசை முக்கியம். பாயைத் தாங்கும் கம்பான மாஸ்ட் இரண்டு துண்டாக வரும், மணல் ஒட்டாமல் துடைத்துச் சேர்க்க வேண்டும். மணல் இறுகினால் பிறகு பிரிக்க இரண்டு ஆள் வேண்டும். மாஸ்டைப் பாயின் உறைக்குள் செருகி, கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பான பூமைத் தோளுக்கும் மோவாய்க்கும் இடைப்பட்ட உயரத்தில் மாட்டி, முதலில் கீழ்க் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள், அதன் பிறகே பின் கயிறு. இதைத் தலைகீழாகச் செய்வதும், கீழ்க் கயிற்றைத் தளர்வாக விடுவதும்தான் அதிகம் நடக்கும் தவறு. தளர்ந்த பாயின் வயிறு பின்னால் நகரும், பின் கை கடுக்கும், "எனக்குக் கையில் பலமில்லை" என்று தப்பாக முடிவு கட்டிவிடுவார்கள்.

தண்ணீரில் போர்டைக் காற்றுக்குக் குறுக்காக நிறுத்துங்கள். காற்று உங்கள் முதுகில் படட்டும், பாய் எதிர்ப்பக்கம் கிடக்கட்டும். மாஸ்டின் அடிக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கால். தூக்கும் கயிற்றைப் பிடித்து, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, காலால் எழுந்திருங்கள். குனிந்து முதுகால் இழுத்தால் அன்று இரவு புரண்டு படுக்க முடியாது. பாதி எழும்பியதும் சற்றுப் பொறுங்கள், பாய்க்குள் இருக்கும் தண்ணீர் வழிந்துவிடும்; அதன் பிறகு பாதி எடைதான். பாய் முழுக்க எழுந்ததும் இரு கையாலும் மாஸ்டைப் பிடித்துக்கொண்டு அது கொடி மாதிரிப் படபடக்க விடுங்கள். இதுதான் ஓய்வு நிலை. எதில் குழப்பம் வந்தாலும் இந்த நிலைக்குத் திரும்பலாம். மாஸ்டை இடமும் வலமும் மெல்லச் சாய்த்தால் போர்டு காலடியில் தானாகத் திரும்புவதையும் இங்கேயே பழகலாம்.

கிளம்பும்போது முன் கை பூமில். மாஸ்டை உங்கள் முகத்துக்குக் குறுக்காக, போர்டின் மூக்குப் பக்கம் இழுங்கள். பாய் ஒரு விரலில் நிற்கிற மாதிரிக் கனமில்லாமல் ஒரு புள்ளிக்கு வரும். அப்போது பின் கையையும் பூமில் வைத்து, கதவைச் சாத்துவது போல மெதுவாக உள்ளே இழுங்கள். கதவை எவ்வளவு சாத்துகிறீர்களோ அவ்வளவு வேகம். மாஸ்டை முன்னால் கொண்டுவராமல் பின் கையை இழுப்பதுதான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது. போர்டு உடனே காற்றைப் பார்த்துத் திரும்பும், பாய் உங்கள் மேல் சாயும், மல்லாக்க விழுவீர்கள். விழும்போது பூமை விடாமல் பிடித்துக்கொண்டால் மாஸ்ட் தலையில் இறங்காது.

திருப்புவது எளிது. மாஸ்டைப் பின்னால் சாய்த்தால் போர்டு காற்றை நோக்கித் திரும்பும், முன்னால் சாய்த்தால் காற்றை விட்டு விலகும். திரும்பி வரும்போது மாஸ்டின் முன்புறமாகச் சிற்றடி வைத்து மறுபக்கம் போய்விட வேண்டும். காலைப் பார்க்காமல் போகும் திசையைப் பாருங்கள். சைக்கிளில் முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டியவர் விழுந்த கதைதான் இங்கும்.

இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்த் திரும்பி வரலாம். ஆறு முதல் பத்து மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் அளவுக்குக் காற்றுக்கு எதிராக ஏறிப் போகலாம். அதற்கப்புறம்தான் இந்த விளையாட்டு தன் சுயரூபத்தைக் காட்டும். இடுப்பில் ஹார்னஸ் என்ற கொக்கி வைத்த கச்சையை மாட்டி, காலைப் பட்டையில் நுழைத்து, போர்டு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கிற நிலை வருவதற்குள் புதியவருக்குப் பல சீசன் கழிந்துவிடும். நாலு நாள் இறங்கும் மலைக்காரருக்கு இது பத்து வருடத் திட்டமாகவே நீளக்கூடும்.

கைட்: தண்ணீரில் இறங்கும் முன்

கைட்டில் கற்கும் வேகம் நேர் எதிர். முதல் இரண்டு நாள் போர்டைத் தொடவே மாட்டீர்கள். மொத்தம் 9 முதல் 12 மணி நேரப் பாடம், மூன்று முதல் ஐந்து நாள். அதன் முடிவில் நின்று சில நூறு மீட்டர் போவீர்கள். இன்னும் 15, 20 மணி நேரம் போட்டால் காற்றுக்கு எதிராக ஏறுவது கைவரும், பிறகு குதிப்பது வரை மளமளவென்று போகும். ஆனால் அந்த முதல் 12 மணி நேரத்தை ஆசிரியர் இல்லாமல் செய்யக் கூடாது. வீடியோ பார்த்து விண்ட்சர்ஃபிங் பழகியவர் முட்டியைத் தேய்த்துக்கொள்வார். வீடியோ பார்த்துக் கைட் பழகுபவர் சவுக்குத் தோப்பிலோ மின்கம்பியிலோ போய் மாட்டுவார். ஐ.கே.ஓ. என்ற சர்வதேசக் கைட் அமைப்பின் சான்று பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர், ரேடியோ வைத்த ஹெல்மெட் தருவார்களா, மீட்புப் படகு உண்டா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பட்டத்தின் அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. உடல் எடையைக் காற்றின் நாட்டால் வகுத்து 2.2ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் வரும். 65 கிலோ ஆளுக்கு 15 நாட் காற்றில் 9.5, 18 நாட்டில் 8. புதியவர் இதைவிட ஒரு அளவு சின்னதாக எடுப்பது நல்லது. ஏனென்றால் காற்றின் இழுப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 12 நாட் 17 ஆனால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, இழுப்போ இரண்டு மடங்கு.

காற்று முதுகில் படும்படி நின்று எதிரே கைகளை விரித்தால், இட மூலையிலிருந்து தலைக்கு மேலாக வல மூலை வரை ஒரு பாதி வட்டம் கிடைக்கும். அதைக் கடிகார முள்ளாக வைத்துச் சொல்வார்கள்: தலைக்கு மேல் 12, இடது ஓரம் 9, வலது ஓரம் 3. ஓரத்தில் இருக்கும் பட்டம் அடங்கி நிற்கும். வட்டத்தின் நடுவயிற்றில், அதாவது உங்களுக்கு நேர் எதிரே தாழ்வாக வந்தால் முழு இழுப்பு. கற்பதெல்லாம் பட்டத்தை அந்த நடுவயிற்றுக்குள் எப்போது, எவ்வளவு நேரம் விடுவது என்பதைத்தான்.

பட்டத்தைப் பொருத்தும்போது அதன் முன்விளிம்புக் குழாயில் 6 முதல் 8 பி.எஸ்.ஐ. காற்று அடியுங்கள். சுண்டிப் பார்த்தால் பறை மாதிரி ஒலிக்க வேண்டும். தொளதொளத்த பட்டம் வீச்சுக்காற்றில் நடுவில் மடங்கும். தரையில் கவிழ்த்து வைத்து மேலே மணல் அள்ளிப் போடாமல் நகராதீர்கள். கயிறுகள் நான்கு; நடந்துகொண்டே விரலிடையில் விட்டுப் பிரித்து, பிணையாமல் மாட்டுங்கள். சிவப்பு முனை இடது கைக்கு. இடம் வலம் மாற்றி மாட்டிய பட்டம் எழுந்த மறு நொடியே சுழன்று அடிக்கும், திருத்த நேரம் தராது. ஆகவே மாட்டியபின் ஒருமுறை, எழுப்பும் முன் ஒருமுறை என்று இருமுறை ஒவ்வொரு கயிறாகக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். இழுப்பு ஏறிய கயிற்றைக் கையால் பிடிக்கவே கூடாது. மெல்லியதுதானே என்று பிடித்தால் விரலை அறுக்கும்.

எழுப்புவதற்குக் காற்று கரைக்கு இணையாகவோ சற்றே கரைப்பக்கம் சாய்ந்தோ வீச வேண்டும். நேராகக் கரையை நோக்கி வீசினால் ஆளைத் தரையில் இழுக்கும். கரையிலிருந்து கடலுக்கு வீசினால் கொண்டுபோய்விடும். ராமேஸ்வரம் போல இரு பக்கமும் கடல் உள்ள ஒடுங்கிய தீவில், தென்கரையில் கரையேறும் காற்று வடகரையில் கடலுக்குள் போகும் காற்று. இது இரண்டு விளையாட்டுக்கும் பொது. காற்று போகும் பக்கத்தில் குறைந்தது 50 மீட்டருக்குப் பனை, படகு, சுவர், ஆள் எதுவும் இல்லாதிருக்கட்டும். 100 மீட்டர் என்றால் மனம் நிம்மதி. பட்டத்தைக் கடல் பக்கம் வைத்து எழுப்புங்கள். பிடித்திருப்பவர் கையில் பட்டம் படபடத்தால் நீங்கள் காற்று வரும் பக்கம் ஓரடி நகருங்கள். படபடப்பு நின்று இறுகியதும் கட்டைவிரல் காட்டலாம். எழுந்தபின் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்காமல் தண்ணீருக்குள் போய்விடுங்கள். தலைக்கு மேல் 12இல் பட்டத்தை வைத்துக்கொண்டு மணலில் நிற்பவரைத்தான் வீச்சுக்காற்று தூக்கும்.

இப்போது முக்கியமான இடம். பயந்த கை எதையும் இறுகப் பிடிக்கும், தன் பக்கம் இழுக்கும். பேருந்து வளைவில் திரும்பும்போது கம்பியைப் பிடிப்பதுபோல. கைட்டில் பாரை, அதாவது பட்டத்தின் கயிறுகள் வந்து சேரும் கைப்பிடிக் கட்டையைத் தன் பக்கம் இழுத்தால் இழுப்பு கூடும். கூடக் கூடப் பயம், பயம் கூடக் கூட இறுக்கம். இந்தச் சுழலில்தான் விபத்து நடக்கிறது. விடுவதில் மூன்று படி இருக்கிறது. முதலாவது பாரை விடுவது. பட்டம் ஓரத்துக்குப் போய் அடங்கும். அடங்கவில்லையென்றால் ஹார்னஸ் கொக்கிக்கு மேலிருக்கும் அவசர விடுவிப்பைத் தள்ளுங்கள். பட்டம் ஒற்றைக் கயிற்றில் கொடியாகத் தொங்கி விழும். அதன் பிறகும் இழுத்தால் அந்தக் கயிற்றின் கொக்கியையும் கழற்றி, பட்டத்தையே போக விடுவது. பட்டம் போகிறதே என்று பணத்தை நினைத்தால் கை தயங்கும். இந்த மூன்றையும் கரையில் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை செய்து பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது.

அடுத்த படி, போர்டில்லாமல் பட்டம் இழுக்க உடம்பால் மிதந்து போவது. காற்றோடு போவது எளிது. ஒரு கையை நீட்டிக் கத்தி மாதிரி நீரைக் கிழித்துக் காற்றுக்கு எதிராக ஏறுவதுதான் அவசியம், கழன்றுபோன போர்டை எடுக்க அதுதான் வழி. பிறகு போர்டு. 65 கிலோ ஆளுக்கு 138 முதல் 142 செ.மீ. நீளம் சரியாக இருக்கும். நீரில் உட்கார்ந்து, முழங்காலை மார்போடு மடக்கி, பட்டத்தை 12லிருந்து 10 அல்லது 2 வரை இறக்கி ஏற்றினால் அது உங்களைத் தானாகத் தூக்கி நிறுத்தும். பாரை இழுத்து எழப் பார்ப்பவர் முகம் குப்புற விழுவார். காலை விறைப்பாக நீட்டி எழப் பார்ப்பவரின் போர்டு பிரேக் மாதிரி நீரை முட்டும். பட்டத்தை 12இலேயே வைத்துக்கொண்டு "ஏன் நகரவில்லை" என்று கேட்பவரும் உண்டு. நின்றுவிட்டால் முதல் வாரங்களில் காற்றுப்போக்கில் இறங்கிக்கொண்டே போவீர்கள், கரையேறிப் பட்டத்தோடு நடந்து திரும்ப வேண்டும். அது எல்லோருக்கும் உள்ளது.

கால்செருப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சிப்பியும் பவளத்துண்டும் பாதத்தைக் கிழிக்கும், உப்புநீரில் அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது. சொறி (ஜெல்லி மீன்) மிதக்கும் காலத்தில் முழுக்கைச் சட்டை. மீனவர் வலை விரித்த இடத்துக்கு மேல் கயிற்றைக் கொண்டுபோகாதீர்கள்; எங்கே வலை கிடக்கிறது என்று காலையிலேயே அண்ணன்மாரிடம் கேட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21உம் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. எல்லைக் கடல் என்பதால் அடையாள அட்டை பையில் இருக்கட்டும்.

மலையில் இருந்தபடி என்ன செய்யலாம்

முதல் வேலை நீச்சல். மலையில் பிறந்து வளர்ந்தவர்களில் நீந்தத் தெரியாதவர் நிறைய, நமக்கு இறங்கிக் குளிக்கத் தோதான தண்ணீர் கிடையாது. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ஒரு நீச்சல்குளத்தில் சேர்ந்து, நிற்காமல் 50 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும் வந்தபிறகே கடலுக்கு நாள் குறியுங்கள். மிதவை அங்கி இருக்கிறதே என்பது பதிலாகாது. பாய் மேலே விழுந்து மூடும்போது பதறாமல் கையால் தடவி வெளியே வர நீர்ப்பழக்கம் வேண்டும்.

கைட்டுக்குப் போகிறவர் 2 சதுர மீட்டர் பயிற்சிப் பட்டம் ஒன்றை வாங்கிவிடலாம். கல்வியில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே முடியும், கடலில் ஒரு முழு நாள் மிச்சம். பள்ளி மைதானம் போன்ற திறந்த இடம், விடுமுறை நாள், மின்கம்பியும் சில்வர் ஓக்கும் இல்லாத பக்கம். மேட்டு விளிம்பில் நிற்காதீர்கள், பள்ளத்திலிருந்து ஏறும் காற்று அங்கே மேல்நோக்கித் தள்ளும். குன்றின் பின்பக்கமும் கூடாது, சுழல். வெயில் ஏறினால் காற்று சரிவில் மேலே ஏறும், இருட்டினால் கீழே இறங்கும். முற்பகல் பத்து முதல் பன்னிரண்டுக்குள் கொஞ்சம் நிதானமாக இருக்கும். புல்வெளிச் சோலைப் பகுதிகள் வனத்துறையின் கையில் இருப்பவை, அங்கே வேண்டாம். பட்டத்தைப் பார்க்காமல் நடந்துகொண்டே ஒரு கையால் எட்டுப் போட வரும்வரை பழகுங்கள்.

விண்ட்சர்ஃபிங்குக்கு மலையில் பழக அதிகமில்லை. கால் பலம் நமக்கு ஏற்கெனவே உண்டு. உள்ளங்கையில் கொப்புளம் வராமலிருக்க ஏதாவது கம்பியில் தினம் ஐந்து நிமிடம் தொங்கலாம், அவ்வளவுதான்.

சாமான் கணக்கில் கைட் வெல்கிறது. பட்டம், பார், ஹார்னஸ், பம்ப் எல்லாம் ஒரு முதுகுப்பையில் அடங்கும். போர்டையும் சேர்த்து 15, 20 கிலோ. கொடை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். விண்ட்சர்ஃபிங் போர்டு இரண்டரை மீட்டருக்கு மேல் நீளம், மாஸ்டின் ஒவ்வொரு துண்டும் இரண்டு மீட்டர். மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பின் தலையில் கட்டிக்கொண்டு ஏறுவது அன்றாடம் செய்கிற வேலை இல்லை. ஆனால் கைட்டில் ஒரு பட்டம் எல்லாக் காற்றுக்கும் ஆகாது, விரைவிலேயே இரண்டு மூன்று வேண்டும். பழைய பட்டம் வாங்கினால் அவசர விடுவிப்பு புது மாதிரியா என்று பாருங்கள். மிகப் பழையவற்றில் இழுப்பை முழுக்க அடக்கும் வசதியே இராது.

என்னைக் கேட்டால், கையில் இரண்டு நாள் மட்டும் இருந்தால், அல்லது பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு குடும்பமாகப் போனால், விண்ட்சர்ஃபிங். இரண்டாம் நாள் மாலையே சிரித்துக்கொண்டு திரும்பலாம், ஆபத்தும் குறைவு. ஐந்து நாள் தொடர்ந்து ஒதுக்க முடியும், ஜூலை ஆகஸ்டில் முடியும், அடுத்த வருடமும் வருவீர்கள் என்றால் கைட். இரண்டு நாளில் கைட் என்பது பணத்துக்குக் கேடு; பாதியில் விட்ட பாடத்தை அடுத்த வருடம் மறுபடி தரையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒன்றைக் கற்றால் மற்றது எளிதாகுமா என்று கேட்பார்கள். காற்றின் திசையைப் படிப்பதும் எதிர்க்காற்றில் ஏறும் கோணமும் கூடவே வரும், கைப்பழக்கம் வராது. விண்ட்சர்ஃபிங் கை, பிடித்து இழுக்கும் கை. அதை மறக்கவைக்கக் கைட் ஆசிரியர் ஒரு நாள் செலவழிப்பார்.

சொந்தமாகச் சாமான் வாங்கி மலையில் வைப்பவருக்கு இரண்டு குறிப்பு. உப்போடு மடித்த பட்டத்தை நம்ம ஊர் மூடுபனியில் காய வைக்க முடியாது, உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். நல்ல தண்ணீரில் அலசி, கடலோரத்திலேயே நிழலில் காயவைத்து, அதன் பிறகு மலையேற்றுங்கள். அடுத்தது விண்ட்சர்ஃபிங் போர்டின் மேற்பரப்பில், மாஸ்ட் குழிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு காற்றுத் திருகு. 2,000 மீட்டர் ஏறும்போது வெளி அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, உள்ளே அடைபட்ட காற்று மேல்தோலை உப்பவைத்துப் பிரித்துவிடும். அடிவாரத்திலேயே அந்தத் திருகைத் தளர்த்திவிட்டு ஏறுங்கள். அடுத்த முறை தண்ணீரில் இறக்குமுன் மறுபடி இறுக்க மறந்தால் போர்டு நீரைக் குடித்துவிடும்; அதனால் தளர்த்திய கையோடு ஒரு துண்டுச் சிவப்புத் துணியை மாஸ்ட் குழியில் கட்டித் தொங்கவிடுங்கள்.